நீரை மறித்த வீதி

வீதி திறக்கப்பட்டால் அது செய்தி. கைவிடப்பட்டால் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்முனையில், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவினுள், அவ்வாறு கைவிடப்பட்ட வீதியொன்று உண்டு. பழைய இங்கிரகாம் நெடுஞ்சாலை என்பது அதன் பெயர். வாகனங்களுக்கு இடமில்லை, நடக்கலாம், சைக்கிளில் செல்லலாம். போவதற்கு மட்டும் 11 மைல். திரும்பி வர மேலும் 11 மைல்.

மழையற்ற மாதமொன்றில் அவ்வழியே சைக்கிளோட்டினேன். தாரின் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. இருபுறமும் அரத்தின் பற்கள் போன்ற விளிம்புடைய கோரை, தொடுவானம் வரை. சில இடங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க நேர்ந்தது. வெள்ளைக் கொக்குகள் என்னைப் பொருட்படுத்தவில்லை. பள்ளத்து நீரில் முதலையொன்று அசையாமல் கிடந்தது. நான் ஒதுங்கிச் சென்றேன்.

ரயில் கம்பனியொன்றின் உயரதிகாரியான ஜேம்ஸ் இங்கிரகாமின் பெயர் தாங்கிய இவ்வீதி, 1922இல் கடலோரக் கிராமமான பிளமிங்கோவை எட்டியது. சதுப்பில் வீதி அமைக்க மண் ஏது? அருகிலேயே கால்வாய் தோண்டி, வெட்டியெடுத்த சுண்ணக்கல்லைக் குவித்து வீதியை உயர்த்தினார்கள். தீங்கு அங்கேதான் தொடங்கியது.

எவர்கிளேட்ஸ் தேங்கி நிற்கும் சதுப்பன்று. மைலுக்குச் சில அங்குலமே சரியும் நிலத்தில், தென்திசை நோக்கி மெல்லப் பரந்து நகரும் நீர் அது. குறுக்கே எழுந்த கல்மேடு அந்நகர்வை மறித்தது. கால்வாயோ நன்னீரை வடித்தது. கடலை அண்டிய கேப் சேபிள் பகுதியில் வெட்டப்பட்ட கால்வாய்கள் வழியே உப்புநீர் உட்புகுந்தது. சுண்ணக்கல் நிலத்தில் கிணறு உவராவதைக் கண்ட யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் வரலாறு ஒருபக்கமானதன்று. இதே வீதி எட்டிய றோயல் பாம் சோலையைத்தான் புளோரிடாவின் மகளிர் கழகங்களின் சம்மேளனம் காப்பாற்றி, 1916இல் பூங்காவாக்கியது. அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டு 1947இல் தேசியப் பூங்கா உருவாயிற்று. அவ்வாண்டிலேயே, 'மயாமி ஹெரால்ட்' பத்திரிகையில் பணியாற்றியிருந்த மார்ஜரி ஸ்ரோன்மன் டக்ளஸ் எழுதிய நூல், இதனைச் சதுப்பென்று இகழாமல் புல்லாலான ஆறாகப் பார்க்கக் கற்பித்தது. நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் ஒரு நிலத்தைப் பற்றிய எண்ணத்தையே மாற்றினார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

1950களில் புதிய வீதி வந்தபின் பழையது தனித்து விடப்பட்டது. வடக்கே, 1928இல் திறக்கப்பட்ட ரமியாமி நெடுஞ்சாலையும் இதேபோன்று நீரை மறித்தது. அதன் ஒரு பகுதியை உயர்த்தி, நீர் அடியால் ஓட 1 மைல் நீளப் பாலம் 2013இல் முடிக்கப்பட்டது. பின்னர் மேலும் பாலங்கள் வந்தன. மறிப்பதற்குச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன; வழிவிடுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

வீதி வேண்டாம் என்று சொல்ல நான் துணியேன். அதன்மீது ஏறித்தானே இக்காட்டைக் கண்டேன். ஆனால் வீதி போடுமுன், அவ்விடத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பது எது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அங்கே முதலில் பயணம் செய்தது நீர்.