குழந்தையின் கரணமும் பெற்றோரின் கண்ணும்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பங்குக் குடும்பங்களில் ஒரு பரபரப்புத் தொடங்கிவிடுகிறது. முன்னாளில் கோடை என்றால் மறைக்கல்வி வகுப்பும் பாட்டி வீடுந்தான். இன்றோ நீச்சல், சதுரங்கம், கராத்தே என்று பயிற்சிகள் வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையில் ஜிம்னாஸ்டிக்ஸ் எனப்படும் சீருடற்பயிற்சியும் வந்து சேர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் விழாவில் திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் தாவற்போட்டியில் நான்காம் இடம் பெற்றதைக் கண்ட நம் சிறுமியர் பலருக்கும் கரணம் போடும் ஆசை பிறந்தது. நல்ல ஆசையே. உடலும் இறைவன் தந்த கொடை அன்றோ!

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு தாய் என்னிடம் வந்து, “சாமி, பிள்ளையைப் பத்துப் பேரோடு வகுப்பில் சேர்ப்பதா, தனியாகச் சொல்லிக் கொடுக்கிறவரிடம் விடுவதா? எது பத்திரம்?” என்று கேட்டார். அடுத்த வாரமே வேறிரு பெற்றோரும் இதனையே கேட்டனர். ஆகவே அனைவருக்குமாக இங்கு எழுதுகிறேன்.

முதலில் உடற்காயத்தை எண்ணிப் பார்ப்போம். தலைகீழாகப் புரளும் பயிற்சியில் கழுத்தும் முதுகும் ஆபத்துக்கு உள்ளாகின்றன. கற்றுக்கொள்ளும் குழந்தையின் இடுப்பையோ முதுகையோ பயிற்றுநர் தம் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். குழுவில் பிள்ளைகள் மிகுந்து பயிற்றுநர் ஒருவரே இருந்தால், அவர் ஒரு குழந்தையைத் தாங்கும் வேளையில் மற்றக் குழந்தைகள் கவனிப்பாரின்றி நிற்பார்கள். மூத்த பிள்ளை செய்வதைக் கண்டு, இன்னும் கற்காத சிறு பிள்ளை தானும் பாய்ந்துவிடும். குதிக்கும் வலைமேடையில் இருவர் மூவர் ஒன்றாக ஏறினால் ஒருவர்மேல் ஒருவர் விழுவர். குழுப் பயிற்சியின் குறை இதுவே.

தனிப் பயிற்சியில் ஆசிரியரின் முழுக் கவனமும் ஒரே குழந்தைக்குக் கிடைக்கிறது. ஆயினும் அதற்கும் ஒரு குறை உண்டு. குழுவில் தன் முறைக்காக வரிசையில் நிற்கும் குழந்தை, அந்நேரத்தில் தானாகவே இளைப்பாறிவிடுகிறது. தனியே பயிலும் குழந்தைக்கு அந்த ஓய்வு இல்லை. கட்டணம் கொடுத்த மணி நேரம் வீணாகக் கூடாதென்று ஆசிரியரும் பெற்றோரும் விரைவுபடுத்தினால், களைத்த மணிக்கட்டும் முழங்காலும் அடிபடும்.

காயம் கண்ணுக்குத் தெரியும், மருந்திடலாம். கண்ணுக்குத் தெரியாத மற்றொரு தீங்கும் உண்டு. பெற்றோர் கேட்கத் தயங்கிய கேள்வி அதுவே என்று எனக்குத் தோன்றிற்று.

அமெரிக்க நாட்டின் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணிக்கு மருத்துவராயிருந்த லாரி நாசர் என்பவர், சிகிச்சை என்ற பெயரால் நெடுங்காலம் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார். 2018 சனவரியில் மிச்சிகன் மாநில நீதிமன்றமொன்று அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. அதற்குமுன் 156 பேரின் வாக்குமூலங்களை அம்மன்றம் ஏழு நாட்கள் கேட்டது. அவர்களுள் முதன்முதலாக, 2016இல், தம் பெயரோடு வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர் ரேச்சல் டென்ஹாலண்டர். அவருக்குத் தீங்கு நேர்ந்தபோது வயது 15. அவ்வேளையில் அவருடைய தாயும் அதே அறையில்தான் இருந்தார்! தாயின் பார்வை படாதவாறு அம்மனிதர் மறைத்து நின்றுகொண்டார். மேலும், டெக்சாசு மாநிலத்தில் தேசிய அணியினர் கூட்டமாகத் தங்கிப் பயின்ற முகாமிலும் இக்கொடுமை நடந்தது. பெற்றோருக்கு அங்கே தங்க அனுமதி கிடையாது.

பிரிட்டனில் 2022ஆம் ஆண்டு வெளியான ஒயிட் அறிக்கையும் இத்தகையதே. 400க்கும் மேற்பட்டோர் அந்த விசாரணைக்குத் தம் அனுபவங்களைத் தெரிவித்தனர். காயத்தோடு பயிலச் செய்தது, உணவும் நீரும் மறுத்தது, உடல் எடையைச் சொல்லி இழிவுபடுத்தியது ஆகியவை அதில் பதிவாயின. இவையும் பலர் கூடிப் பயின்ற இடங்களிலேயே நடந்தன.

இவற்றால் நாம் அறிவது என்ன? கூட்டத்தில் விட்டுவிட்டோம் என்பதும் காவலாகாது. அருகில் அமர்ந்திருந்தோம் என்பதும் காவலாகாது. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவர் இயேசு பயணக் கூட்டத்தோடுதான் வருகிறார் என்று எண்ணி, மரியாவும் சூசையப்பரும் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். உறவினரும் அறிந்தோரும் நிறைந்த நல்ல கூட்டமே அது. ஆயினும் பிள்ளை அதில் இல்லை.

அப்படியாயின் தனிமையே கூடாதா? அப்படியும் அன்று. நம் ஆலயத்தில் உள்ள பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ அதனைத் தம் மறைமாவட்டத்தில் பரவச் செய்தார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 964ஆம் பிரிவும், இருவருக்கும் இடையே அசையாத கம்பி வலை கொண்ட தொட்டி திறந்த இடத்தில் இருக்க வேண்டுமென்கிறது. பேச்சு இரகசியம், இடமோ எல்லாருடைய கண்ணுக்கும் முன்னே. இந்த ஞானத்தை எங்கே கைவிட்டார்களோ அங்கே குழந்தைகள் துன்புற்றனர். குருக்களே அக்கொடுமையைச் செய்த நாடுகளும் உண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதன் பொருட்டே திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் சிறார் பாதுகாப்புக்கென ஓர் ஆணையத்தை நிறுவினார். குருக்களும் துறவியரும் இத்தகைய செயல்களை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 2019இல் சட்டமும் வகுத்தார்.

அமெரிக்க விளையாட்டுத் துறையிலும் இன்று இதற்கொத்த விதி உண்டு. பெரியவர் ஒருவர் ஒரு சிறுவனோடு தனித்திருக்க நேர்ந்தால், பிறர் பார்க்கக்கூடியதாகவும், எந்நொடியிலும் இடைமறிக்கக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். தனிப் பயிற்சியையும் குழுப் பயிற்சியையும் இவ்வொரு கோலால் அளந்து பாருங்கள்.

ஆகவே பயிற்சிக்கூடத்துக்கு நேரில் சென்று கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? கம்பிக்கும் கட்டைக்கும் அடியில் தடித்த மெத்தை உண்டா? விழும் முறையைக் கற்பிக்கிறார்களா? முன்னறிவிப்பின்றி வந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று விடை வந்தால் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். தனிப் பயிற்சியானால், வேறு பிள்ளைகளும் பயிலும் நேரத்தில், அதே கூடத்தின் ஒரு பகுதியில் நடக்கட்டும். ஆசிரியரின் வீட்டிலோ பூட்டிய அறையிலோ வேண்டாம். கைப்பேசிச் செய்திகள் பெற்றோர் வழியாகவே செல்லட்டும். இப்பயிற்சியில் தொட்டுத் தாங்குதல் தவிர்க்க இயலாது. எங்கே, எதற்காகத் தொடுவார் என்பதை ஆசிரியர் முதலிலேயே உங்கள் முன்னிலையில் குழந்தைக்குச் சொல்லட்டும். “வேண்டாம்” என்று குழந்தை சொன்னால் அவர் உடனே கையை எடுக்க வேண்டும்.

ஆசையோடு சென்ற பிள்ளை திடீரென்று “போகமாட்டேன்” என்றால், கட்டிய பணத்தை எண்ணிக் கோபிக்காதீர்கள். அருகில் அமர்த்திக் கேளுங்கள்; சொல்வதை நம்புங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தை காவல் நிலையப் படி ஏற வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, கூடியமட்டும் ஒரு பெண் அதிகாரி, வாக்குமூலம் பெற வேண்டுமென்பதும் அச்சட்டமே. 1098 என்ற எண்ணுக்கும் எந்நேரமும் பேசலாம். “ஊர் என்ன சொல்லும்?” என்று வாயை மூடிக்கொண்டால், அடுத்த வீட்டுக் குழந்தையையும் அதே கைகளில் ஒப்படைத்தவர்களாவோம்.

இக்கோடையில் நம் பிள்ளைகள் ஓடட்டும், துள்ளட்டும், கரணமும் போடட்டும். அவர்களை நமக்குத் தந்த இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.