நீலசந்திராவின் பந்தாட்டத் திடல்

பெங்களூர் செல்லும் நம்மவர் லால்பாக் மலர்களையும் விதான சௌதாவின் கம்பீரத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். நீலசந்திராப் பக்கம் செல்வோர் சிலரே. அங்கே காண என்ன உண்டு என்று கேட்பீர்களாயின், மாலை வேளையில் அதை அடுத்துள்ள ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தின் ஓரமாகச் சற்றே நில்லுங்கள் என்பேன்.

1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றினர். சென்னைப் படைச் சிப்பாய்களோடும் வணிகரோடும் கூலியாட்களோடும் நம் மொழியும் அங்கே பெருமளவில் குடியேறிற்று. தண்டுப் பகுதி பெருகப் பெருகப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆஸ்டின் டவுன் அவற்றுள் ஒன்று. இன்று அதற்குக் கன்னட அகராதி தொகுத்த கிட்டலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பந்தாட்டமும் பட்டாளத்தோடு வந்ததே.

புதுக் குடியிருப்பில் ஒரு கழகம் தோன்றக் கட்டடமோ புரவலரோ வேண்டுவதில்லை. தெருப் பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு பந்து வாங்குவர். பிறகு ஒரு பெயர், ஒரே நிறத்தில் சட்டை. மாவட்டச் சங்கத்தில் பதிவு செய்து, கடைசிப் படியான 'சி' பிரிவில் ஆடத் தொடங்குவர். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எனப் பல மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒரே அணியில் நிற்பர். இன்றியமையாதது திடல் ஒன்றுதான். வீடுகளை நெருக்கிக் கட்டிவிட்டுத் திடலை மறந்தோமானால் கழகம் எங்கே பிறக்கும்?

இந்நகரத்து ஆட்டக்காரர் எட்டிய உயரம் சிறிதன்று. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரருள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்தனர். இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 2-1 எனத் தோற்றாலும், நம் நாட்டின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூர்ச் சாரங்கபாணி இராமன். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனப் படுதோல்வி. அந்த ஒரே கோலும் பெங்களூர் அகமது கானுடையது!

புகழைவிட அக்குடும்பங்களுக்குப் பெரிதாயிருந்தது பிழைப்பு. 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையும் 1948-இல் தோன்றிய தொலைபேசித் தொழிற்சாலையும் நல்ல ஆட்டக்காரரைத் தேடி வேலைக்கு அமர்த்தின. சிறு வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பந்து மாதச் சம்பளமாயிற்று. தங்கையின் திருமணமும் அதில் அடங்கும்.

சந்தோஷ் கோப்பையை 1968-69-இல் மைசூர் என்ற பெயரில் வென்ற மாநிலம், மீண்டும் கர்நாடகமாக வென்றது 2023-இல்தான்.

நேரம் இருப்பின் அல்சூரையொட்டிய கௌதமபுரத்துக்கும் செல்லுங்கள். அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோர் சிலைகளோடு பெலேக்கும் சிலை வைத்திருக்கிறார்கள்.