செக்ரோலில் இல்லாத பேர்கள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். மணி ஆறரை. பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். இடுப்பில் படங்கைச் சுற்றியவர்கள், தலையில் கம்பளி போட்டவர்கள், பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள். கணக்கப்பிள்ளை செக்ரோலை விரித்துப் பேர் கூப்பிடுகிறார். பாதிப் பேர் வாய் திறந்து பதில் சொல்வதில்லை. செருமுகிறார்கள், கையைத் தூக்குகிறார்கள். அவரும் தலை நிமிர்வதில்லை. செருமலைக் கேட்டே ஆளைத் தெரிந்து டிக் போடுகிறார். ஒரு பேருக்குச் சத்தம் வராவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரி சொல்லிவிடுகிறாள்: "புள்ளைக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரிக்குப் போயிருக்கு."

பேர் முடிந்ததும் மலை பிரிப்பு. பெண் கங்காணி ஒருவர் முன்னால் வருகிறார்.

"ஐயா, ஏழாம் நம்பர்ல நேத்து புல்லு வெட்டுனவங்க குளவி பாத்தாங்களாம்."

"எந்தப் பக்கம்?"

"மேட்டுக் கான் ஓரம். பெரிய மரத்துல."

கணக்கப்பிள்ளை பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்சம் யோசிக்கிறார். ஏழாம் நம்பருக்குப் போகவேண்டிய கும்பலை நாலாம் நம்பருக்குத் திருப்புகிறார். நாலாம் நம்பரில் கொழுந்து குறைவு; இரண்டு பெண்கள் முணுமுணுக்கிறார்கள். கிலோ பிடிக்காது என்பது அவர்கள் கவலை. "நாளைக்குக் கூடு கலைச்சாப்புறம் ஏழு. இன்னிக்கு நாலு" என்கிறார். பேச்சு முடிந்தது. இந்த ஏற்பாடு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் செய்தி மட்டும் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. கொட்டாமல் தப்பிய நாளுக்குச் செய்தி கிடையாது.

கீழே பெக்டரியில் வேறு பாடம். வாட்டிய கொழுந்து ரோலருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. சுவரில் பாதுகாப்பு விதிகள் எழுதிய பலகை; அதன்மேல் தேயிலைத் தூசு படிந்து கடைசி மூன்று வரிகள் மறைந்துவிட்டன. வேலைக்குப் புதிதாக வந்த பையன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்குப் பலகை, முப்பது வருஷமாக ரோலரடியில் நிற்கும் ஒரு பெரியவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிக்கச் சொல்கிறார், கழுத்துத் துண்டை வாங்கிக் கொக்கியில் மாட்டுகிறார். "கையப் பின்னால கட்டிக்கிட்டு நில்லு. இந்த வாரம் பூராவும் பாக்க மட்டுந்தான்." பையனுக்கு வெட்கம். தட்டில் இலை ஒதுங்கும்போதெல்லாம் வலது கை தானாக முன்னால் வருகிறது. பெரியவர் வாய் பேசாமல் அதைப் பிடித்துப் பழையபடி பின்னால் வைக்கிறார். பிறகு அடுப்புப் பக்கம் கூட்டிப்போய், தூளில் நெருப்புப் பிடித்தால் முதலில் நிறுத்தவேண்டிய விசிறியின் சுவிட்சைக் காட்டுகிறார். காட்டியதோடு விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, புகைக்குள் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி அவனை மூன்று தரம் அந்தச் சுவருக்கு நடக்கவைக்கிறார்.

ஆபீசுக்கு வெளியே, கம்பிவேலிக்குள் மழைமானி. கிளாக்கர் ஐயா தினமும் காலையில் அளந்து எழுதுகிறார். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். உரம் போட, மருந்தடிக்க, கொழுந்து எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்க்க அந்த எண் வேண்டும். இப்போது அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 கொட்டினால், வெளியேற்றம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த படிகள் இவை. மூன்று எண்களும் கிளாக்கரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன. ஆனால் மழை ஆபீஸ் நேரம் பார்த்துப் பெய்வதில்லை. அதனால் ராத்திரிக் காவல்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் போத்தல்: கழுத்தை வெட்டிக் கவிழ்த்து, பக்கத்தில் மார்க்கரால் கோடுகள் போட்டது. மேல்கோட்டைத் தண்ணீர் தொட்டால் அவர் யாரையும் கேட்கவேண்டியதில்லை; கோயில் மணியை அடிக்கலாம்.

இந்த அனுமதி லேசில் வந்ததல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கி, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை போயிருந்தது. லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மூடிய பிறகு, உள்ளே எத்தனை பேர் என்ற கேள்விக்கே உறுதியான பதில் வரவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். நாளுக்கு நாள் எண் மாறி இறங்கியது. தீபாவளி முடிந்து ஒரு வாரம். யார் வீட்டில், யார் மலையில், யார் பள்ளிக்கூடத்தில் என்று யாரால் சொல்ல முடியும்? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்தபோதும் தேடியவர்களுக்கு முன்னால் அதே கேள்வி வந்து நின்றது.

வைகாசி மழைக்கு முன்னால் இந்தத் தோட்டத்தில் ஓர் ஒத்திகை. மாவட்டத்திலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒலிபெருக்கியில் சொல்ல, மணி அடிக்கிறது. லயத்துச் சனம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிறது. சிரிப்பும் கும்மாளமுமாகத்தான். இளசுகள் போனில் படம் பிடிக்கிறார்கள். ஒருத்தி பாதி வழியில் திரும்பி ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வருகிறாள். இன்னொருத்தி கையில் மட்டும் பொலித்தீன் பை. உள்ளே அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அவளுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

"எல்லாரும் வந்தாச்சா?" என்கிறார் உத்தியோகத்தர். கணக்கப்பிள்ளை பழக்கதோஷத்தில் செக்ரோலை விரிக்கிறார். காலையில் கேட்ட அதே வரிசை, அதே செருமல். பத்து நிமிஷத்தில் கணக்குச் சரி. உத்தியோகத்தர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்.

"எங்க ஆத்தாவ யாரும் கூப்பிடலையே" என்கிறாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.

ஆத்தா சேமலாப நிதி எடுத்துப் பல வருஷம். செக்ரோலில் பேர் நின்றுபோனவர். மணி அடித்தபோது பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தாராம்; கோயிலில் பூசை என்று நினைத்தாராம். அவர் ஒருத்தர்தானா என்று பார்த்தால் வரிசையாக வருகிறார்கள்: காது கேளாத ஒரு பெரியவர், பிரசவமாகி இருபது நாளான ஒரு பெண், சித்திரைக்குக் கொழும்புக் கடையிலிருந்து வந்து இன்னும் திரும்பாத இரண்டு பையன்கள், பக்கவாதத்தில் கிடக்கும் பன்னிரண்டாம் காம்பராத் தாத்தா. சம்பளத்துக்குப் போட்ட கணக்கில் இவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள். பகல் நேரத்தில் லயத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் இவர்கள்தான்.

கணக்கப்பிள்ளை செக்ரோலை மூடுகிறார். ஒரு பிள்ளையிடம் கொப்பி வாங்கி, பெண் கங்காணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, காம்பரா காம்பராவாக எழுத ஆரம்பிக்கிறார். இவர்தான் இப்போது கேட்கிறார். கங்காணி சொல்லிக்கொண்டே போகிறார். எந்த வீட்டில் யார் தனியாக இருப்பார், யாருக்குக் கண் தெரியாது, யார் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். உத்தியோகத்தர் குறித்த நேரத்தை அடித்துவிட்டு நிற்கிறார்.

"பன்னெண்டாம் காம்பராத் தாத்தாவ யாரு தூக்குறது?"

இரண்டு பேர்கள் சொல்லப்படுகின்றன. ஒருவன் இந்த வாரம் பெக்டரியில் ராத்திரி ஷிப்ட். பேரை வெட்டுகிறார். அடுத்தவன் அடுத்த வாரம் ஷிப்ட். அதையும் வெட்டுகிறார்.

"நானும் சித்தியும் தூக்குறோம் ஐயா" என்கிறாள் உயர்தரம் படிக்கும் ஒருத்தி. "கதிரையோட தூக்கிறலாம்."

"தூக்கிப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப இப்பவே போயி தூக்கிப் பாரு. படியில எறங்க முடியுதா, தாத்தா என்ன சொல்றாருன்னு வந்து சொல்லு. அப்புறம் எழுதுறேன்."