இன்னும் கொஞ்ச தூரம்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெள்ளிக்கிழமையாக வந்தது. சுதந்திர தினமும் மாதாவின் விண்ணேற்புத் திருவிழாவும் கூடிய அந்நாளை அடுத்துச் சனியும் ஞாயிறும் விடுமுறை. திருச்சியில் எங்கள் பங்குக் கோயிலில் திருப்பலி கண்டு, கொடியேற்றத்திலும் கலந்துகொண்டு இல்லம் திரும்பிச் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்தோம். "மூன்று நாளும் வீட்டிலேயேதானா?" என்று கேட்டான் இளைய மகன். அந்த ஒரு கேள்வியே போதுமானதாயிற்று. கல்லணை வரை சென்று, நீர் நிறைந்த காவிரியைக் கண்டு, மதிய உணவுக்கு வீடு திரும்புவதென்று கை கழுவும் முன்பே முடிவாயிற்று.

மாற்றுடை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு டப்பா முறுக்குமே எங்கள் மூட்டை. 82 வயதான எங்கள் அன்னையார் இத்தகைய வேளைகளில், "நீங்கள் போய் வாருங்கள்" என்பதே வழக்கம். அன்றோ செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்பாகவே காரில் ஏறி அமர்ந்துவிட்டார்.

கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணையில், காவிரியும் வெண்ணாறும் புது ஆறும் பிரிந்து செல்வதையும், மிகுநீர் கொள்ளிடத்தில் பாய்வதையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். வந்த காரியம் முடிந்தது. வண்டியைத் திருப்ப முனைகையில் அன்னையார், "இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, தம்பி! திருநாளும் அதுவுமாகப் பூண்டி மாதாவைப் பார்த்துவிட்டுப் போவோம். இன்னும் கொஞ்ச தூரம்தானே?" என்றார்.

பூண்டியில் பெருங்கூட்டம். செபித்து வெளியே வந்தபோது உச்சி வெயில். "பிள்ளைகள் பசியாக இருக்கிறார்கள். திருவையாற்றில் சாப்பிடலாமே!" என்றார். உண்டு முடித்தோம். "கும்பகோணத்துக் காப்பி குடித்து எவ்வளவு காலமாயிற்று!" என்றார். கும்பகோணத்தில் காப்பியும் ஆயிற்று. அப்போதுதான் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். அந்தச் சாலை மாயவரம் வழியாகத் தரங்கம்பாடியில் போய் முடியும். தரங்கம்பாடியை அடுத்த சிற்றூர்தான் அன்னையார் பிறந்த ஊர். அவருடைய ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா, அங்கேதான் வாழ்ந்து வருகிறார்.

அங்கே நாங்கள் அடியெடுத்து வைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2013இல், பாட்டியாரின் வீட்டுமனைப் பங்கு குறித்துப் பேசச் சென்ற நாங்கள், உறவினர் முன்னிலையில் சின்னம்மாவை வஞ்சகி என்னும் பொருள்படப் பேசிவிட்டோம். சில திங்கள் கழித்துப் பத்திரத்தைப் பார்த்தபோது அவர் சொன்னதே சரியென்று தெரிந்தது. தெரிந்த பின்பும், நேரில் சென்று அதனை ஒப்புக்கொள்ள எங்களுக்கு நா எழவில்லை. 2020இல் சின்னையா இறந்தபோது ஊரடங்கைக் காரணம் காட்டினோம். ஊரடங்கு நீங்கிய பின்னர்ப் பிள்ளைகளின் தேர்வு, அலுவலகப் பணி, வண்டிப் பழுது என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் கிட்டிக்கொண்டே இருந்தது. அன்னையார் எங்களை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ஆயினும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை செய்தி கேட்டு, தங்கை நலமென்று தெரியும்வரை சோறு தண்ணீர் இன்றி வாசலிலேயே அமர்ந்திருந்த தாயல்லவா அவர்!

கும்பகோணத்தில் வண்டியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. இருபுறமும் குறுவைப் பயிர் பச்சை விரித்திருந்தது. மாயவரத்துத் துலாக்கட்டத்தில் சற்று நின்றோம். "கல்லணையில் அவ்வளவு அகலமாக இருந்த காவிரியா இது? ஏன் அப்பாயி இப்படி மெலிந்துபோனது?" என்று மகள் வியந்தாள். "வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துக்கொண்டே வருகிறதல்லவா? கொடுத்தால் மெலியத்தான் செய்யும், கண்ணு" என்றார் அன்னையார். அதன்பின் ஊர் சேரும்வரை காரில் எவரும் பேசவில்லை.

சின்னம்மா வாசலில் கோழிகளுக்குத் தீனி இறைத்துக்கொண்டிருந்தார். கண்ணில் திரை படர்ந்திருந்ததால் எங்களை அவர் உடனே அறிந்துகொள்ளவில்லை. அன்னையார் இறங்கி, "பாப்பா!" என்று அழைத்தார். கையிலிருந்த முறம் நழுவியது. "வா அக்கா! பிள்ளைகள் சாப்பிட்டார்களா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் சேர்த்து வைத்த சொற்கள் தொண்டையிலேயே நின்றன. இரவு உணவுக்குப் பின், "அன்று நாங்கள் பேசியது தவறு, சின்னம்மா. பத்திரத்தைப் பார்த்தோம், நீங்கள் சொன்னதே சரி" என்று ஒருவாறு கூறி முடித்தோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "வலித்தது, ஐயா. இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் போனபோது உங்களை எதிர்பார்த்தேன்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து எங்களுக்குப் பாய் விரித்தார். அந்த மௌனத்தில் நாங்கள் பெற்றுக்கொள்ளவேண்டிய தண்டனையும் இருந்தது, மன்னிப்பும் இருந்தது.

மறுநாள் பிள்ளைகளோடு தரங்கம்பாடிக் கடற்கரைக்குச் சென்றோம். டென்மார்க்கு நாட்டினர் 1620இல் எழுப்பிய கோட்டையைக் கண்டோம். 1706இல் அங்கு வந்திறங்கிய லுத்தரன் சபைக் குருவான சீகன்பால்கு, தமிழ் பயின்று, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அவ்வூரிலேயே அச்சிட்டு வெளியிட்டார் என்பதையும் பிள்ளைகளுக்குக் கூறினோம். அக்காளும் தங்கையும் எங்களோடு வரவில்லை. திண்ணையில் அமர்ந்து, பன்னிரண்டு ஆண்டுப் பேச்சைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தனர். மாற்றுடை இல்லாமையால் அன்னையார் தம் தங்கையின் சேலையை உடுத்தியிருந்தார். தொலைவிலிருந்து பார்க்கையில் இருவரில் எவர் மூத்தவர் என்று எங்களுக்கே தெரியவில்லை.

திருச்சியிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் வழிக்கு எங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. முன்னரே திட்டமிட்டிருந்தால் இப்பயணமும் நடந்திராது. நாள் குறிக்கும்போதே தடையும் ஒன்றைத் தேடிப் பிடித்திருப்போம். அன்பு வாசகர்களே! செல்ல வேண்டிய வாசல் ஒன்று உங்களுக்கும் இருக்குமாயின், தகுந்த நாளுக்காகக் காத்திராதீர்கள். கை கழுவும் முன்பே புறப்பட்டுவிடுங்கள்.

ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் விடைபெற்றோம். அன்னையார் தம் சேலையைக் கேட்டார். "அது இன்னும் காயவில்லை, அக்கா. அடுத்த முறை வந்து எடுத்துக்கொள்" என்றார் சின்னம்மா. கொளுத்தும் கடற்கரை வெயிலில் இரண்டு நாளாகக் காயாத அந்தச் சேலையைப் பற்றி நாங்கள் எவரும் மறுபேச்சுப் பேசவில்லை.