பரவைக்கடலுக்கு அங்கால ஒரு கோல்

மோ இப்ராகிம் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது அரசறிவியல் பாடக்குறிப்பில். 'நல்லாட்சியை அளவிடுதல்' என்ற தலைப்புக்குக் கீழே, ஆபிரிக்க நாடுகளின் ஆட்சிக்குப் புள்ளி போடுகிற இப்ராகிம் சுட்டி என்று ஒரு வரி. ஆரோ பேராசிரியர் என்றுதான் நினைச்சன். சோதனைக்கு முதல் நாள் இரவு தேடிப் பார்த்தால், மனுசன் போன் கம்பனி நடத்தினவர்.

"உதெல்லாம் ஏனடி வாசிக்கிறாய், சோதனைக்கு வராது" என்று றூமில் இருந்த அக்கா சொன்னா. வரவும் இல்லை. ஆனால் விடமுடியேல்ல. இத்தனைக்கும் வெற்றியாளர் கதைகள் என்றால் எனக்கு அலர்ஜி. பேப்பர் போட்டவர் கோடீஸ்வரர் ஆன கதையை எங்கட பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் ஆரோ ஒரு ஆள் வந்து சொல்லுவார். இது அப்படியான கதை இல்லை.

அவர் 1946இல் சூடானில் பிறந்தவர், நூபியர். சின்ன வயதிலேயே குடும்பம் எகிப்துக்குப் போய்விட்டது. அலெக்சாந்திரியாவில் மின்பொறியியல் படித்து, திரும்பி வந்து சூடானின் தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்து, 1974இல் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனார். பிராட்போர்ட்டில் முதுமாணி, பேர்மிங்ஹாமில் கலாநிதிப் பட்டம். கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்த விசயம் கைத்தொலைபேசித் தொடர்பாடல். அப்போது பிரித்தானியாவில் கைத்தொலைபேசி கடைக்கே வரவில்லை.

ஒரு கலைப்பீடக்காரிக்கு விளங்கின மட்டில் அதைச் சொல்லுறன். ரவரில் இருந்து வருகிற அலை நேராக வந்து போனுக்குள் விழுவதில்லை. மரத்தில், மதிலில், மேட்டில் பட்டுத் தெறித்து, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் முந்தி, பல வழியால் வந்து சேரும். சேருகிற இடத்தில் ஒன்றையொன்று தூக்கியும் விடும், அழித்தும் விடும். 2021இல் ஏ.எல் வகுப்பு முழுக்கப் போனுக்குள் நடந்தபோது, நானும் இரண்டு சிநேகிதிகளும் பூநகரியில் எங்கட குளக்கட்டில் ஏறி இருந்துதான் படித்தோம். கட்டில் ஒரு பாலை மரம். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு கோடு காட்டும், இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு பாலையின் அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நிற்போம். எங்களுக்கு அது விதி. இப்ராகிமுக்கு அது கணக்கு.

அந்தக் கணக்குத்தான் அவருக்குச் சோறு போட்டது. 1983இல் பிரிட்டிஷ் ரெலிகொம் அவரை எடுத்தது. அதன் கைத்தொலைபேசிக் கம்பனியான செல்நெற்றுக்குத் தொழில்நுட்பப் பணிப்பாளர் ஆனார். 1989இல் அந்த வேலையை விட்டுவிட்டு, தன் வீட்டுச் சாப்பாட்டறையில் எம்.எஸ்.ஐ என்ற கம்பனியைத் தொடங்கினார். எந்த இடத்தில் ரவர் நட்டால் அலை எவ்வளவு தூரம் போகும், எங்கே பக்கத்து ரவரோடு முட்டும் என்பதைக் கணினியிலேயே பார்க்க ஒரு மென்பொருளைச் செய்து உலகம் முழுக்க விற்றார்கள். வேலை செய்தவர்களுக்கும் கம்பனியில் பங்கு கொடுத்திருந்தார். 2000இல் மார்க்கோனி கம்பனி அதை 900 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியபோது, அந்தப் பங்குகளுக்கும் காசு வந்தது.

அதற்குள்ளேயே அடுத்த கதை தொடங்கிவிட்டது. எம்.எஸ்.ஐயிடம் ஆலோசனை கேட்டு வந்த பெரிய கம்பனிகள் எல்லா இடத்திலும் வலையமைப்பு போட்டன, சகாராவுக்குத் தெற்கே மட்டும் போக விருப்பப்படவில்லை. அனுமதிப்பத்திரமோ மலிவு. இப்ராகிம் திரும்பத் திரும்பச் சொல்லுகிற கதை ஒன்று இருக்கிறது. உகண்டாவுக்கு ஏன் நீங்கள் கேட்கக்கூடாது என்று ஒரு பெரிய கம்பனிக்காரரைக் கேட்டாராம். இடி அமீன் என்ற பைத்தியக்காரன் ஆளுகிற நாட்டில் யாவாரம் செய்யச் சொல்லி என் இயக்குநர் சபையிடம் போய் நிற்கேலாது என்றாராம் அவர். இடி அமீன் 1979இலேயே ஓடிவிட்டான். இது நடந்தது 1990களில்! எனக்கு இதை வாசிக்கச் சிரிப்பு வந்தது, பிறகு அவ்வளவாக வரேல்ல. கிளிநொச்சி என்றதும் கொழும்பில் சில பேரின் முகம் மாறுகிறதை நான் 2023இலும் பார்த்திருக்கிறன்.

அப்ப நாங்களே போடுவம் என்று 1998இல் தனியாகத் தொடங்கினதுதான் பிறகு செல்ரெல் என்று பெயர் எடுத்தது. தலைமையகம் நெதர்லாந்தில் என்பதையும் சொல்லத்தான் வேணும். சாம்பியா, மலாவி, சியரா லியோன், சாட் என்று ஒவ்வொரு நாடாகப் போனார்கள். பல இடங்களில் கரண்ட் இல்லை, ரவருக்கு ஜெனரேற்றர். ஜெனரேற்றருக்கு டீசல் கொண்டுபோக றோட்டும் இல்லை. வங்கிகள் கடன் தரப் பின்வாங்கியதால் பெரும்பாலும் பங்குதாரர் காசிலேயே ஓடினார்கள். சனத்திடம் மாதப் பில் கட்டுகிற அளவுக்கு நிரந்தர வருமானம் இல்லை. முற்கொடுப்பனவு காட்தான் ஓடியது. லஞ்சம் கொடுப்பதில்லை என்றும் ஒரு முடிவு. ஒரு தொகைக்கு மேல் எந்தக் காசு போனாலும் இயக்குநர் சபை ஒப்புக்கொள்ள வேணும் என்று வைத்துவிட்டால், அந்தந்த நாட்டு முகாமையாளர் 'என்ர கையில இல்லை ஐயா' என்று தப்பிக்கொள்ளலாம். நல்ல மனுசராக இருக்கச் சொல்லி வகுப்பெடுக்காமல், தப்ப ஒரு வாசல் வைத்ததுதான் எனக்குப் பிடிச்சது.

என்னை நிப்பாட்டினது இது எதுவும் இல்லை, கொங்கோ ஆறு. ஒரு கரையில் கின்சாசா, மறுகரையில் பிராசவில். இரண்டும் இரண்டு நாட்டின் தலைநகரங்கள். கரையில் நின்றால் மற்றது தெரியும். ஆனால் இங்கிருந்து அங்கே ஒரு கோல் எடுத்தால், அது செய்மதி வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த்தான் திரும்பி வரும், அந்தத் தூரத்துக்குரிய காசோடு. செல்ரெல் ஆற்றுக்கு மேலால் நேரே ஒரு நுண்ணலை இணைப்பைப் போட்டது.

இதை வாசித்தபோது இரவு ஒரு மணி இருக்கும். அம்மம்மாவை நினைச்சன்.

எங்கட பூநகரியில் சங்குப்பிட்டிக் கரையில் நின்றால் பரவைக்கடலுக்கு அங்கால தென்மராட்சி தெரியும். அங்கே தனங்கிளப்பில் அம்மம்மாவின் தங்கச்சி இருந்தவா. இப்போது பாலம் இருக்கு, பஸ்ஸில் ஏறி இறங்கலாம். அது 2011இல் திறந்தது. 2006இல் பாதை பூட்டின பிறகு எங்களுக்கும் அவைக்கும் நடுவில் கடல் மட்டும் இல்லை. சின்னம்மம்மாவின் செய்தி எங்களுக்கு ரொறன்ரோவில் இருந்துதான் வரும். மாமா அங்கிருந்து தனங்கிளப்புக்கு ஒரு கோல், கிளிநொச்சிக் கொமியூனிகேசனுக்கு ஒரு கோல். அங்கிருந்து ஆரும் சைக்கிளில் வந்து சொல்ல வேணும். 2007இல் சின்னம்மம்மா செத்த செய்தி அப்படித்தான், நாலாம் நாள், அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது. அன்றைக்கு அம்மம்மா கரையில் போய் நின்று அந்தப் பக்கம் பார்த்து ஒப்பாரி வைச்சவா என்று அம்மா சொல்லுவா. எனக்கு அப்போது நாலு வயது. எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

2005இல் செல்ரெல்லை இலண்டன் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோக ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, குவைத்தின் எம்.ரி.சி 3.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. எம்.ரி.சி பிறகு செயின் ஆனது. செயின் தன் ஆபிரிக்க வலையமைப்பை 2010இல் இந்தியாவின் பார்த்தி எயார்டெல்லுக்கு 10.7 பில்லியனுக்கு விற்றது. அதே எயார்டெல்தான் 2009 தொடக்கம் இலங்கையிலும் இருந்து 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. எங்கட வீட்டு அலுமாரியில் அந்தச் சிவப்புச் சிம் ஒன்று இன்னும் கிடக்கு. ஆபிரிக்கர் ஒருவர் கட்டினது ஆபிரிக்காவுக்கு வெளியே கைமாறிக்கொண்டே போனதை நினைக்க ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனால் ரவர் நிற்கிற இடத்திலேயே நிற்கிறது, அதையும் மறுக்கேலாது.

விற்ற காசில்தான் 2006இல் அவருடைய மன்றம் தொடங்கியது. அந்தச் சுட்டியும் ஒரு பரிசும் அதில் இருந்து வந்தவை. சனநாயக முறையில் தெரிவாகி, சட்டப்படியான காலம் முடிய ஒழுங்காக இறங்கிப்போகிற ஆபிரிக்கத் தலைவருக்குப் பத்து வருடத்தில் 5 மில்லியன் டொலர். 2007இல் முதலாவது ஆள் மொசாம்பிக்கின் யோவாக்கிம் சிசானோ. 2009, 2010 என்று பல வருடம் தகுதியான ஆள் இல்லை என்று ஒருவருக்குமே கொடுக்கவில்லை. "கதிரைய விட்டு இறங்கிறதுக்கும் காசோ?" என்று றூம் அக்கா கேட்டா. எனக்கும் அந்தப் பரிசில் பெரிய நம்பிக்கை இல்லை, திருடுகிறவனுக்கு 5 மில்லியன் சில்லறை. ஆனால் கொடுக்காமல் விட்ட வருடங்கள் எனக்குப் பிடிக்கும். (2022 யூலையில் எங்கட நாட்டில் ஒருவர் இறங்கின விதத்துக்கு எந்தப் பரிசும் இல்லை.)

போன லீவில் அம்மம்மாவுக்குக் கின்சாசா கதையைச் சொன்னன். வெத்திலையை மென்றுகொண்டு முழுக்கக் கேட்டா. பிறகு ஒரு கேள்விதான் கேட்டா.

"அப்ப உதை ஆரும் நிப்பாட்ட ஏலாதோ?"

2023 ஏப்ரலில் சூடானில் சண்டை தொடங்கியது. 2024 பெப்ரவரியில், இப்ராகிம் பிறந்த அந்த நாட்டின் பெரும்பகுதியில் போன் முற்றாகச் செத்தது. செல்ரெல்லை வாங்கிய அதே செயின்தான் அங்கேயும் பெரிய கம்பனி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற காசு போன் வழியாகத்தான் வரும், அதுவும் நின்றது. செய்மதி இணைப்பு வைத்திருக்கிற கடைகளில் சனம் காசு கொடுத்து, முறை வரும் வரை நின்று, தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஒரு வரி அனுப்பினார்கள்.

அம்மம்மாவுக்கு இதை நான் சொல்லேல்ல. "ஏலும் அம்மம்மா" என்று மட்டும் சொன்னன்.