ரிங்லெட் பயணம்: சுண்டைக்காயும் சுமைகூலியும்

மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையைத் தாப்பாவில் விட்டு இறங்கி, வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைச்சாலையைப் பிடித்தால், லதா இஸ்கந்தர் அருவியைத் தாண்டி, காது லேசாக அடைக்கத் தொடங்கும்போது ரிங்லெட் வந்துவிடும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் இந்த வழியாக வருபவர்களை முதலில் வரவேற்கும் ஊர் இதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம். சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. மேலே இருக்கும் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் பேருந்து அவர்களைக் கொண்டுபோய்விடும்.

இறங்கிப் பாருங்கள். சில வரிசைக் கடைகள், கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரிகள், மலைச்சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். பெர்த்தாம் ஆற்றைத் தடுத்து மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் ஏரி ஊரை ஒட்டியே இருக்கிறது. ஹாபு பக்கம் பிரியும் குறுகிய சாலையில் போனால், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம். வால்பாறை, மூணாறு பார்த்த கண்ணுக்குப் பச்சை புதிதில்லை. கடைத்தெருவில் காதில் விழும் தமிழ்தான் நம்மை நிற்க வைக்கிறது. அங்கே ரிங்கிட்டுக்குப் பெயர் 'வெள்ளி'. "தேத்தண்ணி எவ்வளவு?" என்று கேட்டால், "ரெண்டு வெள்ளி" என்ற பதில் தமிழிலேயே வரும்.

நமக்கு இது எட்டாத ஊர் இல்லை. திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கே டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து கேமரன் மலைக்குப் பேருந்து; நான்கைந்து மணி நேரம். இந்தியர்கள் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை உண்டு. போதாக்குறைக்கு, கைப்பேசியைத் திறந்தாலே 'கோலாலம்பூருக்கு இவ்வளவுதான்' என்று மலிவு விமான விளம்பரம் கண்ணடிக்கிறது.

அந்த 'இவ்வளவுதான்' எவ்வளவு என்பதுதான் விஷயம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இன்றைய விமான டிக்கெட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரு ரிங்கிட் விமான நிறுவனம்

மலிவு விமானம் வந்ததால்தான் நம்மில் பலர் விமானம் ஏறினோம் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்தியாவில் 2003இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரு ரூபாய் டிக்கெட் அப்போது பெரிய பேச்சு. 'சூரரைப் போற்று' படத்துக்கு உந்துதல் அவருடைய கதைதான். மலேசியாவில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2001இல், கடனில் தத்தளித்த ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். கூடவே ஏறத்தாழ 4 கோடி ரிங்கிட் கடனையும் ஏற்றுக்கொண்டார். விலை ஒரு ரிங்கிட். கூடுதல் கட்டணம் 4 கோடி!

இந்த நிறுவனங்களின் சூத்திரம் எளிமையானது. உங்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக ஒரு விலை. பெட்டி, சாப்பாடு, விரும்பிய இருக்கை எல்லாம் தனித்தனி விலை. முதுகுப்பை மட்டும் மாட்டிக்கொண்டு தனியாகப் போகும் இளைஞருக்கு இது உண்மையிலேயே லாபம். அவர் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் கொண்டுபோகாத பெட்டிக்கும் ஏன் பணம் கட்ட வேண்டும்? ஆனால் நாம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. குடும்பத்தோடு போகிறோம். போகும்போது முறுக்கும் அதிரசமும், வரும்போது தேயிலைப் பொட்டலமும் ஸ்ட்ராபெரி ஜாமும். ரிங்லெட் குளிருக்கு ஸ்வெட்டர் வேறு. எடை கூடாமல் என்ன செய்யும்?

எது எதற்குக் காசு?

பல மலிவு விமானங்களில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் இலவசம். பெட்டியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்தால் ஒரு விலை, பிறகு சேர்த்தால் கூடுதல் விலை, விமான நிலையக் கவுன்ட்டரில் கிலோ கணக்கில் கட்டினால் உச்ச விலை. இருக்கை தேர்வு செய்யாவிட்டால் கணவர் 7ஆம் வரிசையிலும் மனைவி 23ஆம் வரிசையிலும் உட்கார நேரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை மடியில்தான் இருக்கும் என்றாலும் அதற்கும் கட்டணம் உண்டு. கடைசிப் பக்கத்தில் 'வசதிக் கட்டணம்' என்று ஆளுக்கொரு தொகை ஏறும். வெளிநாட்டுப் பணத்தில் விலை காட்டும் தளத்தில் நம் அட்டையைத் தேய்த்தால், பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை தனியாக எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நான்கு பேர் குடும்பம், ஒருவழி டிக்கெட் ஆளுக்கு 6,000 ரூபாய், மொத்தம் 24,000. இரண்டு பெட்டிக்கு 6,000, நான்கு இருக்கைக்கு 1,600, சாப்பாட்டுக்கு 1,400, வசதிக் கட்டணம் 1,600. ஆக 34,600. ஆளுக்கு 8,650 ரூபாய். பெட்டியும் சாப்பாடும் சேர்த்து 8,500 ரூபாய் என்று சொல்லும் வேறொரு நிறுவனத்தை, 'விலை அதிகம்' என்று முதல் பக்கத்திலேயே ஒதுக்கியிருப்போம்.

நேரத்துக்கும் விலை உண்டு. மலிவு விமானங்கள் பல நேரங்களில் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ இறக்கிவிடும். மலைக்குப் பேருந்து காலையில்தான் என்றால், வயதானவர்களோடு விமான நிலைய நாற்காலியில் காத்திருப்பதா, சில மணி நேரத்துக்காக அறை எடுப்பதா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மலேசியாவில் விடுதி அறைக்கு வெளிநாட்டவர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இணையத்தில் முன்பணம் கட்டியிருந்தாலும் பல விடுதிகளில் இதை நேரில் கேட்பார்கள்.

ரிங்லெட்டிலிருந்து திருச்சிக்கு

இதெல்லாம் நம் பக்கத்துக் கணக்கு. ரிங்லெட் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அக்காவிடம் எதிர்த்திசைக் கணக்கைக் கேட்டேன். நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பேக்குக்குத் தனியா எவ்வளவு கட்டுனீங்க?" என்பதுதான்.

அவருடைய அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்தே வாழ்க்கையை ஓட்டியவர். அவருடைய அப்பா நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வீட்டில் ஆறு பேர். "டிக்கெட் முந்நூறு வெள்ளின்னு போட்டிருந்துச்சு. சரி, ஆறு பேரும் போயிட்டு வந்துரலாம்னு உக்காந்தோம். அம்மா பக்கத்துல ஒருத்தர் உக்காரணும், அதுக்குக் காசு. பேக்குக்குக் காசு. முதல்தடவையா சொந்தக்காரங்களப் பாக்கப் போறோம், வெறுங்கையோட போக முடியுமா? எல்லாத்தையும் போட்டா, ஆறு பேருக்கு வச்ச காசு நாலு பேருக்குத்தான் வருது" என்றார். யார் அந்த நான்கு பேர் என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. பிள்ளைகள் இருவரும் தாங்கள் இருந்துகொள்வதாகச் சொல்கிறார்களாம். "அதுங்க பாக்கலன்னா அப்புறம் யாரு பாக்கப் போறா?" என்றார் அக்கா.

நமக்குக் கூடுதல் கட்டணம் ஓர் எரிச்சல். இந்த வீட்டில் அது, ஊரைப் பார்க்காமல் நின்றுவிடப் போகும் இரண்டு பேர்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கப்பா கப்பல்ல வந்தாரு. காசே வாங்கலன்னுதான் சொல்லுவாரு" என்றார்.

காசு வாங்காத கப்பல்

அவர் சொன்னது உண்மை. அதற்குப் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. ஆரம்ப காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களுக்குக் கப்பல் கட்டணம் முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. பிறகு அது கடனாகி, கூலியில் பிடிக்கப்பட்டது. கரை இறங்கும்போதே தலையில் கடன். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஏற்பாடு வந்தது. எத்தனை தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருக்கிறார்களோ அதற்கேற்பத் தோட்ட முதலாளிகள் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து தொழிலாளர்களுக்கு இலவசக் கப்பல் பயணம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சேர்த்துப் பினாங்குக்கு அனுப்பினார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் ஏராளம். உதவி பெற்றுத் தொழிலாளர்கள் மலாயா செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. ரஜுலா மட்டும் சாதாரணப் பயணிகளோடு 1973 வரை ஓடியது.

முதலாளிகள் கருணையால் மட்டும் இலவசமாக ஏற்றவில்லை. ரப்பருக்கும் தேயிலைக்கும் ஆள் வேண்டியிருந்தது. பயணத்தின் மிச்ச விலையைக் குறைந்த கூலியிலும் லயத்து வாழ்க்கையிலும் அந்த மக்கள் கட்டினார்கள். அந்தத் துயரத்தையும் நம் பெட்டிக் கட்டணத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. என்றாலும் ஒன்று மாறவே இல்லை: டிக்கெட்டில் போட்டிருப்பது முழு விலை அல்ல. தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கூடையின் எடையையும் மழையில் நனைந்த கொழுந்தின் ஈரத்தையும் கழித்துவிட்டுக் கணக்கெழுதும் தராசைப் பார்த்தவர்கள் அவர்கள்.

விதி என்ன சொல்கிறது?

பயணிகள் பக்கம் சில விதிகள் இருக்கின்றன. மலேசியாவில் 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, வரி உட்பட முழு விலையைக் காட்ட வேண்டும். பயணி கேட்காமல் காப்பீடு போன்றவற்றைத் தானாகவே சேர்க்கக் கூடாது. அடிப்படைக் கட்டணத்துக்கு வெளியே தனியாகச் செயலாக்கக் கட்டணம் வாங்குவதும் 2019 ஜூனிலிருந்து தடை செய்யப்பட்டது.

இந்தியாவில், 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அதே முன்பதிவில் இருக்கும் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்தாலும், விமானத்தைத் தவறவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அந்த இயக்குநரகத்தின் விதி. அடிப்படைக் கட்டணம் போனாலும் இந்தத் தொகை நம்முடையது. பலர் கேட்பதே இல்லை. கேளுங்கள்.

இனி, பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை. முதலில், கடைசிப் பக்கம் வரை போய், மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு நிறுவனங்களில் அதே பெட்டி, அதே சாப்பாட்டோடு மொத்தம் பார்த்து ஒப்பிடுங்கள். வீட்டிலேயே பெட்டியை எடை போடுங்கள். ஆளுக்கொரு சின்னப் பெட்டி என்பதைவிட, இருவருக்கு ஒரு பெரிய பெட்டி பல நேரங்களில் மலிவாக முடியும். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. போகும்போது காலியாகவும் வரும்போது கனமாகவும் இருக்கும் என்றால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் அதிக எடை வாங்குங்கள். மலேசியாவுக்குள் நுழையும் முன் நிரப்ப வேண்டிய மின்னணு வருகை அட்டை அரசுத் தளத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

இதே முறையில் அந்த அக்காவோடு உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டோம். பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தை விட்டு இரண்டாவது வாரம். ஆறு பெட்டிக்குப் பதில் மூன்று. சாப்பாடு வீட்டிலேயே முடித்துவிட்டு ஏறுவது. இருக்கைக் கட்டணம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும். நான்கு பேர் ஐந்தானது. ஆறாவது ஆளுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளி குறைகிறது. "அதுக்கு ரெண்டு மாசம் இருக்கு தம்பி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கணக்கெழுதிய தாளை மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தார்.