எர்ணாவூர்ப் பட்டைப் பட்டறைகளும் பிக்கப் வண்டியின் டயர் அளவும்

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் நடுவே, திருவொற்றியூரை அடுத்துள்ள எர்ணாவூரில், கன்டெய்னர் டிரெய்லர்களையும் சிறு சரக்கு வண்டிகளையும் நம்பிப் பிழைக்கும் பஞ்சர் கடைகளும் பட்டைப் பட்டறைகளும் சாலையோரத்தில் அமைந்துள்ளன. 1946இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த எம்.ஆர்.எஃப். ஒருபுறமும், 1948இல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து 1955இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் எண்ணூர் ஆலை மறுபுறமும் இருப்பதால், டயரும் வண்டியும் உருவாகும் வட்டாரத்திலேயே அவை தேய்ந்தும் வளைந்தும் பழுதுக்கு வந்து சேர்கின்றன.

பட்டை என்பது பின்னச்சின்மேல் வண்டியைத் தாங்கும் வில்லெஃகுத் தகடுகளின் அடுக்கு. அவற்றுள் மிக நீளமான, இரு முனைகளிலும் சுருட்டப்பட்ட தகடு மெயின் பட்டை எனப்படும். பிக்கப் வண்டி வெறுமையாக நிற்கும்போது பின்புறம் சற்று உயர்ந்தும் முன்புறம் தாழ்ந்தும் இருப்பது குறையன்று. சரக்கு ஏறியதும் பட்டை அமுங்கி வண்டி சமநிலைக்கு வரவேண்டும் என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்படுகிறது. 2016 முதல் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் போன்ற வண்டிகளைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குவோர், முன்புறச் சுருள்வில்லின் தலையில் ஸ்பேசர் எனும் தடித்த வளையத்தைச் செருகி முன்புறத்தைப் பின்புறத்தோடு சமமாக்குவதும், கிடைத்த இடைவெளியில் பெரிய டயர் மாட்ட விரும்புவதும் இன்று பரவலாகியுள்ளன. துறைமுக வட்டாரத்தின் சரக்கு ஓட்டுநர்களோ பின்புறத்தில் கூடுதல் பட்டை சேர்த்து வண்டியை உயர்த்துகின்றனர்.

உயர்த்தினால் எவ்வளவு பெரிய டயரும் உள்ளே நுழையும் என்ற எண்ணம் இவ்விரு தரப்பினரிடமும் உள்ளது. அது பெரிதும் தவறானது. ஸ்பேசர் தரும் இடைவெளி வண்டி நிற்கும்போது மட்டுமே உண்டு. பள்ளத்தில் இறங்கிச் சுருள் முழுதும் அமுங்கும்போது சக்கரம் மேலேறி நிற்கும் எல்லை பழையபடியேதான் இருக்கிறது. ஆகவே முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை ஜாக்கியால் உயர்த்திச் சுருளை அமுக்கி, ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, மட்கார்டின் உட்புறத்தில் தடவிய சாக்குப்பொடி எங்கே அழிகிறது என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

டயர் அளவைப் படிக்கும் முறை எளிதே. 215/75 ஆர்15 என்பதில் 215 மி.மீ. அகலம், அதில் 75 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், 15 அங்குலம் ரிம்மின் விட்டம். ஆக மொத்த விட்டம் சுமார் 704 மி.மீ. வருகிறது. சிறு சரக்கு வண்டிகளில் காணப்படும் மற்றோர் அளவான 7.00 ஆர்15 எல்டி (லைட் டிரக்) ஏறத்தாழ 750 மி.மீ. விட்டமுடையது. முன்னதைக் கழற்றிப் பின்னதை மாட்டினால் அச்சு 23 மி.மீ. உயரும், மீட்டர் 60 கி.மீ. காட்டும்போது வண்டி 64 கி.மீ. வேகத்தில் ஓடும், புறப்படும் இழுவையும் அதே விகிதத்தில் குறையும். துறைமுக வாயிலை நோக்கி நகர்ந்து நகர்ந்து நிற்கும் வரிசையில் இந்தக் குறைவைக் கிளட்ச் பிளேட்டே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

உயரத்தைவிட முக்கியமானது பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருக்கும் சுமைக் குறியீடு. 100 என்றால், குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1000 கிலோ. 112 என்றால் 1120 கிலோ. பார்வைக்குப் பருத்த டயர், ஒல்லியான எல்டி டயரைவிடக் குறைந்த குறியீடு கொண்டதாகவும் இருக்கக்கூடும். இந்தக் கணக்குகள் எழுதிப் படிக்கப்படாமலே பட்டறைகளில் புழங்குகின்றன. அருகிலுள்ள பர்மா நகர்க் குடியிருப்பிலிருந்து வரும் மூத்த தொழிலாளி ஒருவர், பெரிய டயர் கேட்டுவந்த இளம் ஓட்டுநரிடம், “இன்னா லோடு ஏத்துவ தம்பி, அத்தச் சொல்லு மொதல்ல” என்று கேட்ட பிறகே வண்டிக்கு அடியில் குனிந்தார்.

சிறுவயதிலேயே சம்மட்டி பிடித்த அவருடைய வேலையின் சாரம் அந்தக் கருவியில்தான் அடங்கியிருக்கிறது. தட்டையாகிப்போன பட்டையை இரண்டு முட்டுகளின்மேல் கிடத்தி, ஒருவர் சிறிது சிறிதாக நகர்த்தித் தர, மற்றவர் காய்ச்சாமலே அடித்து வளைவேற்றுவார். நகர்த்தும்தோறும் ஓரடி, பிறகு பழைய தகட்டோடு சேர்த்து ஒளிபடும் சந்து தெரிகிறதா என்று ஒரு கண் மூடிப் பார்த்தல். அடி விழும் உட்குழிந்த பக்கமே சுமை ஏறும்போது இழுபடும் பக்கமுமாதலால், ஆழமான சம்மட்டித் தழும்பு நாளடைவில் விரிசலின் தொடக்கமாகலாம். பலமாக அடிப்பது எவராலும் முடியும். தழும்பு விழாமல் வளைப்பதற்கே பல்லாண்டுப் பழக்கம் தேவைப்படுகிறது. அந்தப் பழக்கத்துக்குத் தனிக்கூலி கிடையாது. பட்டைக்கு இவ்வளவு என்பதே பேச்சு.

பட்டை தட்டையாவதற்குக் காரணம் கூடுதல் எடை. டிரிப் கணக்கில் வாடகை பேசிக் கமிஷன் பிடித்துக்கொள்ளும் தரகர், கூடுதல் எடை ஏற்றினால் தனக்கும் சரக்குக்காரருக்கும் ஆதாயம் என்பதை அறிந்தவர். வெடிக்கும் டயரும் முறியும் மெயின் பட்டையும் அபராதச் சீட்டும் கடன் தவணையில் வண்டி வாங்கிய ஓட்டுநரின் தலையில் விழுகின்றன. எடையைத் தீர்மானிப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் வேறொருவர் என்ற இந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்காமல், ஓட்டுநரின் ஆசையை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அப்பிரிவும் வண்டி உரிமையாளரையே பிடிக்கிறது.

எனவே எடைமேடையில் பின்னச்சின் சுமையை அறிந்து, அதற்குப் போதுமான குறியீடுள்ள அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றுள் ரிம்முக்கும் சாக்குப்பொடிச் சோதனைக்கும் பொருந்துவதைத் தேர்வதே முறையான வரிசை. அதன்பின் சக்கர அலைன்மென்ட் செய்து, சில நாள் ஓடியதும் பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, முகப்பு விளக்கின் கோணத்தையும் திருத்திக்கொள்ள வேண்டும்.